குறுக்குக் கோடு போட்ட முத்திரையோடு மறுபடியும் மன்ஹைம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் நாடு கடத்தவில்லை. 2023 மே மாதம் ஜெர்மனியில் இருக்கும் கணவரைப் பார்க்கப் பெட்டியோடு கிளம்பிப் போனவள், பெட்டிகூட இல்லாமல் திரும்பி வந்து நின்றபோது, "அந்தப் பொண்ண டிபோர்ட் பண்ணிட்டாங்களாம்" என்று எங்கள் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. மாவுக் கடையில்கூட அப்பாவை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். நாடு கடத்துவது என்றால் ஒரு நாட்டுக்குள் இருப்பவரைப் பிடித்து வெளியேற்றுவது. எனக்கு நடந்தது நுழைவு மறுப்பு. வாசலோடு நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. உள்ளே இருப்பவரை வெளியேற்ற உத்தரவு போடும்போது, இத்தனை வருடம் வரக்கூடாது என்று ஒரு தடையையும் சேர்த்துப் போடலாம். வாசலில் மறுக்கப்பட்டவர் மேல் அந்தத் தடை தானாக வந்து விழுவதில்லை. மறுநாளே புது விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் பாடு.

இதை அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன். இரண்டு வருடம் கழித்து, 2025 மே மாதம், அதே பாஸ்போர்ட்டோடு, அதே முத்திரையோடு என் கணவரைப் பார்க்கப் போய், பள்ளி திறப்பதற்குள் ஒழுங்காகத் திரும்பியும் வந்துவிட்டேன். கணவரோ மனைவியோ அங்கே, தான் இங்கே என்று இருப்பவர்கள் சென்னையில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. அவர்களில் யாருக்காவது இது உதவட்டும்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாக. நான் அண்ணா நகரில் இருக்கிறேன், பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அவர் வேதிப் பொறியாளர். ரைன் ஆற்றங்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபன் என்ற ஊரில் வேலை. "நீயும் போய்ச் சேர வேண்டியதுதானே, குடும்ப விசா தருவாங்களே" என்று கேட்காத உறவினர் இல்லை. தருவார்கள், தெரியும். அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது, அம்மா இல்லை, நான் ஒரே பெண். எனக்கு என் வேலையும் பிடிக்கும். இப்போதைக்கு நான் இங்கே, அவர் அங்கே என்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. அதற்கு யாருடைய ஒப்புதலும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

சரி, 2023-க்கு வருகிறேன்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வைத்திருப்பவர்கள் பலருக்கு முதல் பயணத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஜெர்மனி கொடுத்த விசா என்றாலும், போகிற வழியில் வேறொரு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறினால், குடியேற்றச் சோதனை அந்த முதல் நாட்டிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஜெர்மனிக்குப் போகும் விமானம் உள்ளூர் விமானம் மாதிரிதான். ஆகவே நம்மை உள்ளே விடலாமா என்று முடிவு செய்வது அந்த முதல் விமான நிலையத்து அதிகாரி. நான் வளைகுடா வழியாகப் போய், ஐரோப்பாவின் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கினேன். எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை.

கவுன்டரில் இருந்தவர் எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. விசா வாங்கும்போது, என் செலவுக்குத் தானே பொறுப்பு என்று கணவர் எழுதிக் கொடுத்த பொறுப்பேற்புப் பத்திரத்தில் இருந்தது லுட்விக்ஸ்ஹாஃபன் முகவரி. விசா வந்த பிறகு, நான் கிளம்புவதற்குள், அவருடைய வாடகை ஒப்பந்தம் முடிந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் மன்ஹைமுக்கு வீடு மாறிவிட்டார். நடுவில் ஒரு பாலம்தான். ஆனால் காகிதத்தில் வேறு ஊர், வேறு மாநிலம். ஒன்று ரைன்லாந்து-பலாட்டினேட், மற்றது பாடன்-வூர்ட்டம்பெர்க்.

அதைவிடப் பெரிய சிக்கல் புது முகவரியே. மன்ஹைம் நகரின் நடுப்பகுதியில் தெருவுக்குப் பெயர் கிடையாது. 1607-இல் கோட்டை நகரமாகக் கட்டம் கட்டமாக அமைத்த ஊர் அது. இன்றும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான் பெயர். ஏ-யில் ஆரம்பித்து யு வரை போகும். எங்கள் வீடு எஸ் 4. அதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, அப்புறம் கதவு எண். அவ்வளவுதான் முழு முகவரி. அண்ணா நகர்க்காரிக்கு இதில் வியப்பே இல்லை. இங்கேயும் ஏஇ பிளாக், டபிள்யூ பிளாக், இசட் பிளாக் என்று சொல்லித்தானே ஆட்டோ பிடிக்கிறோம். அந்த அதிகாரிக்கோ அது முகவரியாகவே படவில்லை. "தெருப் பெயர் என்ன?" என்று கேட்டார். தெருப் பெயர் இல்லை என்றேன். மறுபடி அதையே கேட்டார். "ஓர் எழுத்தும் எண்ணும் எப்படி முகவரியாகும்?" என்றபோது அவர் குரல் மாறிவிட்டது.

உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். கணவருக்குப் போன் போட்டார்கள். அந்த நேரம் அவர் ஆலைக்குள் இருந்தார். எரியக்கூடிய ஆவி இருக்கும் பகுதிகளில் சாதாரண கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் பிராங்க்பர்ட்டில் இறங்க வேண்டியது மாலையில். அதற்குள் ஷிப்ட் முடித்து வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மணி அடித்து அடித்து நின்றது. அடுத்து, கையில் எவ்வளவு பணம் என்றார்கள். கொஞ்சம் யூரோ நோட்டு, மிச்சம் எல்லாம் ஃபாரெக்ஸ் கார்டில். கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஆப்பைத் திறந்தால், அது ஓடிபி கேட்டது. ஓடிபி என் சென்னை எண்ணுக்குப் போகும். அந்த எண்ணுக்கு அங்கே சிக்னலே ஏறவில்லை.

ஆக, நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அந்த மேசை மேல் அதை நிரூபிக்க ஒன்றுமில்லை.

அந்த அறையைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதப் பிடிக்கவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. என்னிடம் இருந்த கடலைமிட்டாயைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் படிவம்தான். அப்போது அதில் ஏ முதல் ஐ வரை எழுத்துப் போட்டுக் காரணங்கள் அச்சாகி இருந்தன. ஏ என்றால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லை. பி என்றால் போலி பாஸ்போர்ட். சி, விசா இல்லை. டி, போலி விசா. ஜி, கையில் போதிய பணம் இல்லை. எனக்கு இ-யில் டிக். பயணத்தின் நோக்கத்தையும் தங்கும் விவரத்தையும் நிரூபிக்கத் தகுந்த ஆவணம் இல்லை என்பது அதன் பொருள். பொய் சொன்னாள் என்றோ, போலி ஆவணம் காட்டினாள் என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த நேரத்தில் இதையெல்லாம் பிரித்துப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லைதான். ஆனால் கையெழுத்துப் போடச் சொன்னபோது, இது படிவத்தைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும்தானா, இதில் உள்ளதை நான் ஒப்புக்கொண்டதாக ஆகுமா என்று கேட்டேன். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் என்றார். போட்டேன்.

பிறகு பாஸ்போர்ட். விசா ஸ்டிக்கர் மேல் ரத்து முத்திரை. 'விசா' என்று அச்சடித்திருக்கும் இடத்திலும், சாய்த்துப் பார்த்தால் மின்னும் இடத்திலும் பேனாவால் கோடு. பக்கத்தில் நுழைவு முத்திரையைக் குத்தி, அதன் மேல் கறுப்பு மையில் இரண்டு கோடுகளைக் குறுக்காக இழுத்து, வலப்பக்கம் 'இ' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தைப் போட்டார். அழுத்தி எழுதியதில் பின்பக்கத் தாளில் அந்த எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. விரலால் தடவினால் இப்போதும் தெரியும்.

மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. யாரைத் தொடர்புகொள்வது என்று எழுதியும் தந்தார்கள். ஆனால் மேல்முறையீடு செய்வதால் திருப்பி அனுப்புவது நிற்காது. அந்த நாட்டு வக்கீல், அந்த நாட்டு மொழி, அதற்கான செலவு என்று யோசித்து, பிற்பாடு நாங்கள் அதை விட்டுவிட்டோம். விட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் என் விசாவில் முத்திரை குத்தியவரிடம் மன்ஹைம் என்று தேடிப் பார்க்க ஒரு கணினி இருந்ததே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நுழைவு மறுக்கப்பட்டவரைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவது, ஏற்றி வந்த விமான நிறுவனத்தின் பொறுப்பு. பாஸ்போர்ட்டை ஒரு கவரில் போட்டு விமான ஊழியரிடம் கொடுத்துவிட்டார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அதை நம் குடியேற்ற அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். அவர் கடிதத்தைப் படித்துப் பார்த்தார், என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், "சாப்டீங்களாம்மா?" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு அழுகை வந்தது. வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். வீடு வரும்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி அப்புறம் தனியாக வந்து சேர்ந்தது, உள்ளே மாங்காய் ஊறுகாய் ஒழுகி என் புதுப் புடவையெல்லாம் எண்ணெய்.

கணவர் பாடு என்னைவிட மோசம். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றவர் அவர். "நான் போனை எடுக்காமப் போயிட்டேனே" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். "லாக்கர்ல இருந்த போனை எப்படிங்க எடுப்பீங்க?" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வீடியோ காலில் ஒருவரை எவ்வளவுதான் தேற்ற முடியும்? பொங்கலுக்கு அவர் இங்கே வந்த பிறகுதான் இருவரும் கொஞ்சம் மனிதர்களானோம்.

மறுபடி போக வேண்டும் என்று ஆரம்பித்தபோது, தெரிந்தவர் சொன்னார் என்று ஓர் ஏஜெண்டைப் போய்ப் பார்த்தோம். அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இது தொலைஞ்சு போச்சுன்னு ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்துட்டு புதுசு எடுத்துடுங்க மேடம். பழசு யாருக்கும் தெரியாது" என்றார். இந்த யோசனையை நிறையப் பேர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் பொய்த் தகவல் கொடுப்பது 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். அது போகட்டும், அதனால் ஒரு பயனும் இல்லை. ஷெங்கன் விசாவுக்கு இந்தியாவில் 2015 நவம்பரிலிருந்து பத்து விரல் ரேகையும் எடுக்கிறார்கள். விசா கொடுத்தது, மறுத்தது, ரத்துச் செய்தது எல்லாம் அவர்களுடைய விசா தகவல் அமைப்பில் ஐந்து வருடம் இருக்கும். பாஸ்போர்ட்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. அதுவரை உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவள், ஒரு பொய்யைச் சொல்லி உண்மையாகவே குற்றவாளியாகியிருப்பேன். இன்னொன்று: பிரிட்டன், கனடா விண்ணப்பங்களில் எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதுண்டா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டுக் காரணத்தையும் சொன்னால் அது ஒரு பதில். மறைத்துப் பிடிபட்டால் கதையே வேறு.

அந்த மறுப்புப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்தேன். விடைத்தாள் திருத்துகிற பழக்கம் எனக்கு இருக்கிறது இல்லையா, ஒரு கட்டத்தில் அது பிடிபட்டது. இ என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். எங்கே தங்கப் போகிறாய், எதற்கு வருகிறாய், காட்டு. அந்த ஒரு கேள்விக்கு மறுக்க முடியாதபடி பதில் சேர்த்தால் போதும். நல்லவள், வல்லவள் என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆறு பக்கத்துக்கு உருக்கமாகக் கடிதம் எழுத வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏற்கெனவே நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

நாங்கள் சேர்த்தவை இவை. மன்ஹைம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவர் நேரில் போய் வாங்கிய புதுப் பொறுப்பேற்புப் பத்திரம். 'ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங்' என்று கேட்டால்தான் அங்கே புரியும். கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தருகிறார்கள். வருபவருக்கு ஆகும் செலவு முழுவதற்கும் தானே பொறுப்பு என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பது அது. இதற்கு அடுத்து முக்கியமானது முகவரிப் பதிவுச் சான்று. ஜெர்மனியில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்ததற்கு அரசு முத்திரையோடு தாள் தருவார்கள். எஸ் 4 என்ற முகவரி அதில் அச்சாகி இருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. மூன்றாவது, நம் சார்பதிவாளர் அலுவலகத்துத் திருமணப் பதிவுச் சான்று. அப்புறம் நான் திரும்பி வருவேன் என்பதற்கு: பள்ளியிலிருந்து என்.ஓ.சி, விடுமுறை அனுமதி, சம்பளச் சீட்டுகள், ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் என்ற சுற்றறிக்கை, அப்பாவின் மருத்துவமனைத் தாள்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் பொது விதி. விசாக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாள். "2023 மே மாதம் எனக்கு நுழைவு மறுக்கப்பட்டது, காரணம் இ, படிவத்தின் நகல் இணைப்பில் உள்ளது. அப்போது காட்ட முடியாத ஆவணங்கள் இப்போது இவை" என்று தேதிவாரியாக. இதை விண்ணப்ப மையத்தில் அடியில் சொருகாமல், முதல் தாளாக வைத்தேன். கவுன்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "இதக் கட்டாயம் வைக்கணுமா?" என்று தயங்கினார். "அதுதாம்மா முக்கியம், வையுங்க" என்றேன். விண்ணப்பம் ஏற்கப்படுமா என்பதை 15 நாளில் சொல்ல வேண்டும், சிக்கலானதாக இருந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. எனக்குப் பதினைந்தைத் தாண்டித்தான் வந்தது. அந்த நாட்களில் எட்டாம் வகுப்புக்கு என்ன நடத்தினேன் என்று கேட்டால் எனக்கே நினைவில்லை.

விசா வந்துவிட்டது. ஒரே ஒரு முறை நுழைவதற்கு. போதும்.

பயணத்துக்கு நாங்கள் மாற்றியது இரண்டு. ஒன்று, சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம். டிக்கெட் விலை கூடுதல்தான். ஆனால் மன்ஹைம் என்றால் என்ன என்று தெரிந்த நாட்டு அதிகாரி முன்னால் போய் நிற்கலாம். இரண்டு, போனில் ரோமிங் போட்டு ஓடிபி வருகிறதா என்று சோதித்தது போக, கார்டின் இருப்பை வங்கி முத்திரையோடு காகிதத்திலும் வாங்கிக்கொண்டேன். சாமான் கட்டுவதில்கூட இந்த முறை விதியைப் படித்தேன். ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய்யும் பால்கோவாவும் கிடையாது. கறிவேப்பிலை போன்ற பச்சை இலைக்குச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டாம். அத்தை இதைக் கேட்டுவிட்டு இரண்டு தேங்காயைக் குடுமி எடுத்து, துணி சுற்றி பெட்டியில் வைத்துவிட்டார். நான் இல்லாத நாட்களில் அப்பாவைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

பிராங்க்பர்ட்டில் வரிசையில் நின்றபோது கை நடுங்கத்தான் செய்தது. அதிகாரி இளைஞர். பாஸ்போர்ட்டை வாங்கி, ரேகை வைக்கச் சொல்லி, பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "அதைப் பற்றிய தாள் என்னிடம் இருக்கிறது" என்று கோப்பை நீட்டினேன். முதல் தாளைப் படித்தார். முகவரிப் பதிவுச் சான்றைப் பார்த்தார். "மன்ஹைம், எஸ் 4. சரி, நகர மத்தியில்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். தெருப் பெயர் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டு வருடம் என் உயிரை வாங்கிய விஷயம் அவருக்கு ஒரு விஷயமாகவே இல்லை. மேலதிகாரி ஓர் அம்மா வந்தார். என்ன வேலை, எப்போது திரும்புகிறீர்கள் என்று இரண்டே கேள்வி. பள்ளியின் சுற்றறிக்கையைக் காட்டினேன். தலையாட்டினார்.

முத்திரை விழுந்தது. ஓரத்தில் நட்சத்திர வட்டத்துக்குள் ஜெர்மனியைக் குறிக்கும் டி, எதிர் மூலையில் சின்ன விமானம், உள்ளே போகிற அம்புக்குறி. ரத்தான விசாவுக்குப் பக்கத்துப் பக்கத்திலேயே.

வெளியே அவர் நின்றார். இந்த முறை லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், கையில் போன், அதற்கு ஒரு பவர் பேங்க் வேறு. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மன்ஹைமில் முதல் நாளே எஸ் 4-ஐச் சுற்றி ஒரு நடை போனேன். வீட்டு எண்கள் தெரு நீளத்துக்குப் போகாமல் அந்தக் கட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரு மூலையில் பார்த்த எண்ணின் தொடர்ச்சி அடுத்த பக்கத்துத் திருப்பத்தில் இருக்கிறது. தபால்காரர் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. ஒரு நாள் என் ஆசைக்காக வீஸ்லோஹ் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப்போனார். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களோடு மன்ஹைமிலிருந்து அம்மா வீட்டுக்கு, ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினாரே, வழியில் எரிபொருள் தீர்ந்து லிக்ராயின் என்ற பெட்ரோலியக் கரைப்பானை வாங்கிய மருந்துக்கடை அங்கேதான் இருக்கிறது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தவர். அந்தக் கடை வாசலில் நின்று எடுத்த படத்தை இப்போது என் வகுப்பில் காட்டுகிறேன்.

மற்றபடி பெரிதாக ஊர் சுற்றவில்லை. அவர் வேலைக்குப் போய்வர, நான் சமைக்க, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சமாக இருக்கிற அந்த ஊரில் நெக்கார் ஆற்றங்கரையில் நடக்க. மே மாதம் அங்கே வெள்ளை அஸ்பராகஸ் பருவம். பக்கத்து ஊர் ஷ்வெட்ஸிங்கன் அதற்கே பேர் போனது. அவர் சந்தையில் ஒரு கட்டு வாங்கி வந்து, தோல் சீவி, கடுகு தாளித்து, அத்தை கொடுத்த தேங்காயைத் துருவிப் போட்டுப் பொரியல் செய்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் கையால் சமைத்து அவர் வீட்டு மேசையில் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. முள்ளங்கியும் வாழைத்தண்டும் கலந்த மாதிரி ஒரு ருசி. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

இப்போது விதிகள் மாறிக்கொண்டு வருகின்றன. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகப் படமும் ரேகையும் எடுத்துக் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். நுழைவு மறுப்பும் அதிலேயே பதிவாகும். ஆகவே இனிமேல் மறுக்கப்படுகிறவர்கள், கொடுக்கும் காகிதப் படிவத்தை இன்னும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்து என்பதை உடனே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது: மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு வருடப் பல்முறை விசா. ரத்தானது இந்தக் கணக்கில் சேராது. அதனால் எனக்கு இன்னும் ஒன்று வேண்டும்.

பொங்கலுக்கு அவர் வருகிறார். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் கொடுக்கலாம் என்பதால், அடுத்த மே மாதத்துக்கான படிவத்தை அப்போதே உட்கார்ந்து நிரப்பிவிடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். வீடு மாறுகிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். ஜூன் வரைக்கும் எஸ் 4-தான் என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிவிட்டாராம்.